ஹாஃபிஸா எடுக்கும் ஆட்டக்காரர்கள்

பூண்டு உரித்த கையை வாளித் தண்ணீரில் அலசி, சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, ஹாஃபிஸா கட்டிலின் இடது ஓரமாக வந்து உட்காருகிறாள். எப்போதும் இடது ஓரம்தான். கணவர் அக்மலுக்கு வலது கையும் வலது காலும் விளங்காமல் போய் இரண்டு நோன்புக் காலம் கடந்துவிட்டது. தன் ஒரு கையின் மணிக்கட்டை அவருடைய இடது உள்ளங்கைக்குள் கொடுத்துவிட்டு, மறு கையால் கைபேசியைத் திறக்கப் பார்க்கிறாள். அது திறக்காது. பிரியாணிக் கடைகளுக்கு மூட்டை மூட்டையாகப் பூண்டு உரித்துக் கொடுக்கிறவளின் விரல் நுனியில் ரேகை தேய்ந்துபோய்விட்டது. “இதுக்கு ஆளத் தெரியலையாம்” என்று சொல்லிக்கொண்டே எண்களைத் தட்டித் திறப்பாள்.

திறந்தால் பேஸ்பால். அமெரிக்காவில் ஆடுகிறார்களே, உருண்டை மட்டையும் பெரிய தோல் கையுறையுமாக, அந்த ஆட்டம். திண்டுக்கல் பேகம்பூரில் அதை நேரில் பார்த்தவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள். ஹாஃபிஸாவும் பார்த்ததில்லை. யார் எப்போது எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பது இன்றைக்கும் அவளுக்குச் சரியாகப் பிடிபடவில்லை. அவளுக்கு வேண்டியது அந்த விளையாட்டுக்குள் இருக்கிற சந்தை. ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் ஓர் அட்டை. அட்டையில் முகம், மூலையில் அவன் தரத்தைச் சொல்லும் பெரிய எண், கீழே பொடி எழுத்தில் அடி, ஓட்டம், கைப்பிடி என்று சின்னச் சின்ன எண்கள். அணியை நிறுத்திவிட்டால் போட்டியை விளையாட்டே ஆடிக்கொள்ளும்; ஜெயித்தால் விளையாட்டுக் காசு சேரும். அந்தக் காசைக் கொண்டு, விளையாடுகிற மற்றவர்கள் விற்கும் ஆளைச் சந்தையில் எடுக்கலாம். சொந்தப் பணம் ஒரு பைசா போடுவதில்லை என்பது வீட்டுச் சட்டம்.

“மச்சான், இந்தா பாருங்க. தங்க அட்ட. மினுமினுன்னு மாப்ள மாதிரி இருக்கான். பக்கத்துல வெள்ளி அட்டக்காரன் ரெண்டு நம்பருதான் கொறச்ச. இந்த ரெண்டு நம்பருக்கு அம்புட்டு வெலையா?”

மூலையில் உள்ள பெரிய எண்ணை அவள் நம்புவதில்லை. கீழே போய்ப் பார்ப்பாள். இரண்டு மூன்று இடங்களில் நிற்கத் தெரிந்தவன் மலிவாகக் கிடைத்தால் விடமாட்டாள். “ஒருத்தனுக்குக் காலு சுளுக்குனா இவன எறக்கிக்கலாம்ல.” வயதான ஆட்டக்காரர்கள்மீது அவளுக்குத் தனிப் பிரியம். “வயசானவகள எவனும் வாங்க மாட்டாய்ங்க. ஓட மாட்டாக, நெசந்தான். ஆனா கெட்ட பந்தத் தொட மாட்டாக. நின்னு நிதானமாப் பாப்பாக.” புதிதாக அட்டைகள் வந்து இறங்கும் நாளில் எல்லோரும் பழையதைத் தள்ளிவிடுவார்கள், விலை சரியும். அன்றைக்குப் பூண்டு மூட்டை காத்திருக்கும்.

அந்த ஆங்கிலப் பெயர்கள் அவள் வாயில் நுழையவில்லை. அணியில் ஒருவன் நெட்டையன். ஒருவன் பூனைக்கண்ணன். மார்புவரை தாடி வளர்த்த கிழட்டு ஆட்டக்காரர் ஒருவர் உண்டு. அவருக்கு மட்டும் மரியாதை கொடுத்துத் தாடிக்காரர்.

இந்த வித்தை அவளுடையதல்ல. அக்மலிடமிருந்து வந்தது. அக்மல் பிரியாணிக் கடைகளுக்கு அய்யலூர் சந்தையில் ஆடு பிடித்துக் கொடுப்பவர். வியாழக்கிழமை விடியுமுன் கிளம்பிவிடுவார். ஆட்டின் முதுகுத்தண்டில் கட்டைவிரலை வைத்து ஓர் அமுக்கு. வேண்டுமென்றால் இன்னோர் அமுக்கு. அவ்வளவுதான், வாயைத் திறப்பதற்கு முன்பே மனதுக்குள் விலை முடிந்திருக்கும். ஆடுகளை ஏற்ற வண்டி வரும்வரை பொழுது போகவேண்டுமே என்று கைபேசியில் கிரிக்கெட் விளையாட்டு ஒன்றை ஏற்றிப் பார்த்தார். பழைய கைபேசி, திணறியது. கைக்கு அகப்பட்ட இந்தப் பேஸ்பால் திணறாமல் ஓடியது. ஆட்டம் புரியாமலேயே உள்ளே துழாவியவர், கூட்டாளி சுருளிவேலைக் கூப்பிட்டுக் காட்டினார்: “ஏலே சுருளி, இதுக்குள்ளயும் சந்த போட்ருக்காய்ங்கடா.”

வீட்டுக்கு வந்த பிறகும் அதையே நோண்டிக்கொண்டிருந்தால் ஹாஃபிஸாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். “பொண்டாட்டி ஒருத்தி இங்க இருக்கேன்” என்பாள். “செத்த நேரம்” என்பார் அவர், நிமிராமல்.

ஒரு காலையில் முகம் கழுவி வந்தவர், சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் நின்றார். என்ன மச்சான் என்று கிட்டே போனவளிடம் ஏதோ சொன்னார். அது எந்தப் பாஷையிலும் இல்லை. அவருக்கும் அது தெரிந்துவிட்டது. பேசியதை நிறுத்திவிட்டு, தன் வாயைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஹாஃபிஸாவால் இன்றைக்கும் மறக்க முடியாதது அவர் கீழே சாய்ந்தது அல்ல, அந்தத் தொடல்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது ஒரே ஒரு சொல் மிஞ்சியிருந்தது. ‘போதும்.’ தாகம் எடுத்தாலும் போதும். ஜன்னலைச் சாத்தச் சொன்னாலும் போதும். கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்த மகள் ஷமா கைபேசியில் அழுதபோதும், “போதும், போதும்.” சொல் ஒன்றானாலும் குரல் மாறும். அந்தக் குரல்களைப் பிரித்துப் பழக ஹாஃபிஸாவுக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. புரியாத நாட்களில் அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். உடற்பயிற்சி சொல்லித்தர வந்த ஜோஸ்பின் சிஸ்டர் கையை நீட்டச் சொன்னால் நீட்ட மாட்டார். சோற்றைப் பிசைந்து கொடுத்தால் உதட்டை இறுக்கிக்கொள்வார்.

அப்படியொரு பிற்பகலில் அலமாரிமேல் கிடந்த அவருடைய கைபேசி டிங் என்றது. விளையாட்டில் ஏதோ அறிவிப்பு. சுவர்ப்பக்கம் இருந்த முகம் திரும்பியது. ஹாஃபிஸா அதை எடுத்துவந்து அவருக்கு எதிரே பிடித்து, என்ன செய்வதென்று தெரியாமல் அட்டைகளை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். ஓர் அட்டை வந்ததும் அவர் இடது கை அவள் மணிக்கட்டைப் பிடித்து அமுக்கியது. “இவனா?” இன்னோர் அமுக்கு. சுருளிவேலைக் கேட்டு வாங்கும் முறையைத் தெரிந்துகொண்டு அந்த ஆளை எடுத்தாள். அன்று ராத்திரி அவர் சோறு சாப்பிட்டார்.

அதன்பின் தினமும் சந்தை கூடியது. வேண்டாத அட்டைக்குக் கை சும்மா இருக்கும். வேண்டியதற்கு அமுக்கும். ஏன் இவன், ஏன் அவன் இல்லை என்று அவள் கீழே உள்ள எண்களை ஒப்பிட்டுப் பார்த்துப் பார்த்து, அவர் சொல்லாத பாடத்தைத் தானே படித்தாள். ஒருநாள் அவர் அமுக்குவதற்கு ஒரு நொடி முன்னால் “இவந்தான” என்று கேட்டுவிட்டாள். அக்மல் அவளை நிமிர்ந்து பார்த்தார். இடப்பக்க உதடு மட்டும் மேலே ஏறியது. இத்தனை வருடக் கல்யாணத்தில் அவள் சமையலுக்குக்கூட அப்படியொரு பார்வை கிடைத்ததில்லை.

சுருளிவேலும் இந்த வழியைப் பிடித்துக்கொண்டான். வியாழக்கிழமை விடியலில் சந்தையிலிருந்து வீடியோவில் வருவான். ஆட்டை முன்னாலும் பின்னாலும் நடக்கவிட்டுக் காட்டுவான். “மதினி, அண்ணன் என்ன சொல்றாரு?” அக்மல் அமுக்கினால், “எடுக்கச் சொல்றாரு தம்பி” என்பாள். ஆடுகள் சோடை போகவில்லை. வியாழக்கிழமைகளில் அக்மல் முகச்சவரம் கேட்டு “போதும்” என்று தாடையைத் தடவுவார்.

பிறகு ஒரு பகலில், அணி வரிசையைக் காட்டிக்கொண்டிருந்தபோது அவர் வாய் கோணி, குவிந்து, மிகுந்த பாடுபட்டு, “தா…டி” என்றது. ஹாஃபிஸா கைபேசியைக் கீழே போட்டுவிட்டாள். தாடிக்காரரைத்தான் சொல்கிறார். போதும் என்பதைத் தாண்டி வந்த முதல் சொல். அழுதுகொண்டே ஷமாவைக் கூப்பிட்டாள். வீடியோவில் மகள் முகம் திரையை அடைத்துக்கொண்டு வந்தது. “அத்தா, என் பேரச் சொல்லுங்கத்தா. ஷ… மா. ரெண்டெழுத்துதான.” அக்மல் உற்றுப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது. வெகுநேரம் கழித்து, “போதும்” என்றார். ஷமா சிரித்த முகத்தோடு “சரித்தா, சரித்தா” என்று சொல்லி வைத்துவிட்டாள். ஹாஃபிஸா அன்றைக்குத் தன் பெயரைச் சொல்லச் சொல்லிக் கேட்கவில்லை. அதற்கப்புறமும் கேட்டதில்லை.

சந்தையில் அவர் ஆசைப்பட்ட ஒரு பெரிய அட்டையும் இருந்தது. மட்டைக்காரனுக்குப் பின்னால் முகமூடி போட்டு உட்கார்ந்து பந்து பிடிப்பவன். அந்த அட்டை வரும்போதெல்லாம் நகம் பதிகிற மாதிரி அமுக்குவார். விலையைப் பார்த்தால் எட்டாத உயரம். “இருங்க மச்சான், சேத்து எடுப்போம்” என்று ஹாஃபிஸா வேறு ஆள் எடுப்பதையெல்லாம் நிறுத்தி, ஜெயித்த காசைச் சேர்க்க ஆரம்பித்தாள்.

அந்தக் காசு சேர்ந்து முடிவதற்குள், ஐப்பசி மழை நேரத்தில், இரண்டாம் தடவை வாதம் வந்தது. இந்த முறை கைகால் விழவில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்து, சிறியதுதான் என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் அவளாகவே சந்தையைத் திறந்தாள். முதல் அட்டைக்கு அமுக்கினார். பரவாயில்லை, சுமாரான ஆள்தான். அடுத்த அட்டைக்கும் அமுக்கினார். அதற்கடுத்ததற்கும். காயம்பட்டு உட்கார்ந்திருப்பவன், மட்டையே பிடிக்கத் தெரியாதவன், ஒன்றுக்கும் உதவாத தகர அட்டை, எல்லாவற்றுக்கும் அதே அமுக்கு, அதே சந்தோஷம். சோதித்துப் பார்க்கலாம் என்று அட்டை எதுவும் இல்லாத வெறும் திரையைக் காட்டினாள். அமுக்கினார்.

ஹாஃபிஸா எழுந்துபோய், உரித்துவைத்திருந்த பூண்டை மறுபடி ஒருதடவை கழுவினாள்.

அந்த வியாழக்கிழமை சுருளிவேல் வழக்கம்போல வந்தான். பின்னால் ஆடுகளின் சத்தம். ஒரு கிடாயைக் காட்டினான். நல்லதா கெட்டதா என்று அவளுக்குத் தெரியாது. மணிக்கட்டில் அமுக்கு விழுந்தது.

“அண்ணன் என்ன சொல்றாரு மதினி?”

கைபேசியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். “இனிமே நீங்களே பாத்து வாங்கிக்கங்க தம்பி.”

“ஏன், அண்ணன் வேணாங்குறாரா?”

“அமுக்குறாரு தம்பி. எல்லாத்துக்கும் அமுக்குறாரு.”

“சரி மதினி, நீங்க சாப்பிட்டீகளா” என்றான் சுருளிவேல். இனி அவன் கூப்பிட மாட்டான் என்றே அவள் நினைத்தாள். அவனைக் குறை சொல்லவும் அவளுக்குத் தோன்றவில்லை.

அடுத்த வியாழக்கிழமை சற்றுத் தாமதமாக, நன்றாக விடிந்த பிறகு கைபேசி அடித்தது. சவரம் செய்த முகத்தோடு அக்மல் காத்திருந்தார். “அண்ணே, இந்த வெள்ளாட்டப் பாருங்க. பிடிக்கவா?” என்று நடக்கவிட்டான் சுருளிவேல். அக்மல் அமுக்கினார். “சரிண்ணே, எடுத்துருவோம்” என்றான். அப்போதுதான் ஹாஃபிஸா கவனித்தாள். ஆட்டின் முதுகில் நீலச் சாயம் ஒரு கோடு. வாங்கி முடித்த ஆட்டுக்கு இவர்கள் போடும் அடையாளம். அடுத்ததற்கும் நீலக் கோடு. அதற்கடுத்ததற்கும். எல்லாம் ஏற்கெனவே வாங்கிய ஆடுகள். அவன் கொள்முதலை முடித்துவிட்டுத்தான் அண்ணனைக் கேட்கிறான்.

அவளும் அந்த வாரம் முழுக்க அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். அவர் அமுக்கினால், “எடுத்தாச்சு மச்சான்” என்பாள். எடுத்திருக்க மாட்டாள். சேர்ந்த காசு முகமூடிக்காரனுக்கு. இன்னும் இரண்டு ஆட்டம் ஜெயித்தால் போதும், அவன் வந்துவிடுவான்.

சுருளிவேல் வைத்த பிறகு வீடு அமைதியாக இருந்தது. கட்டிலின் இடது ஓரத்தில் உட்கார்ந்து மணிக்கட்டைக் கொடுத்தாள். சந்தையைத் திறந்தாள். முதலில் வந்தது ஒரு தங்க அட்டை. மினுக்கத்தைத் தவிர அதில் ஒன்றுமில்லை. பந்து எறிகிறவன், தோள்பட்டை போனவன். கீழே உள்ள எண்கள் எல்லாம் பாதாளத்தில். விற்கிறவன் எவனோ விவரமில்லாத ஆள் சிக்குவான் என்று கண்டபடி விலை வைத்திருந்தான். கிட்டத்தட்ட அவள் சேர்த்தது மொத்தமும்.

அக்மல் அமுக்கினார்.

“இவனா மச்சான்?”

அமுக்கினார்.

“நல்லாப் பாருங்க. இவன் தோளு போனவன். எவனும் எடுக்க மாட்டான். முகமூடிக்காரனுக்குல்ல சேத்து வச்சிருக்கோம்.”

முகமூடிக்காரன் என்ற பேச்சு அவர் முகத்தில் எதையும் அசைக்கவில்லை. அவருக்கு அவனைத் தெரியவில்லை. தங்க அட்டையைத்தான் பார்த்தார். இடப்பக்க உதடு மெல்ல மேலே ஏறியது. “போதும்” என்றார், விலை படிந்துவிட்ட குரலில்.

ஹாஃபிஸா வாங்கும் இடத்தைத் தொட்டாள். பச்சைக் கட்டம் ஒன்றைக் காட்டி, உறுதிதானா என்று கேட்டது விளையாட்டு. எடுத்தாச்சு என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதைச் சொல்லவில்லை. தன் மணிக்கட்டிலிருந்து அவர் கையை மெதுவாக விடுவித்து, மடங்கியிருந்த ஆள்காட்டி விரலை நீட்டி, தன் விரல்களுக்குள் பிடித்துக்கொண்டு, அந்தப் பச்சைக் கட்டத்தின்மேல் வைத்து அமுக்கினாள்.