மண்ணெண்ணெயில் கழுவிய பேரிங்

ஞாயிறு பூசை முடிந்து கோயில் படி இறங்கும்போதுதான் சொன்னார்கள், மெக்கானிக் சூசை அண்ணன் காலையில் மாரடைப்பில் போய்விட்டார் என்று. சிலுவைக் குறி போட்டுக்கொண்டேன். பக்கத்தில் நின்ற என் மச்சாண்டார், கணவரின் அண்ணன், "அவராட்டம் தொழில் சுத்தமான ஆளு இனி வர மாட்டாருங்க" என்று நாலு பேர் கேட்க உருகினார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அந்தத் தொழிலைக் கெடுத்த வாயே அதுதான்.

முன்பொரு முறை எங்கள் காரின் கிளட்ச் தேய்ந்து, சூசை அண்ணன் கியர்பாக்ஸை இறக்கியிருந்தார். பெடலை மிதிக்கும்போது கிளட்ச்சைத் தள்ளிக்கொடுக்கும் ரிலீஸ் பேரிங்கையும் கூடவே மாற்றச் சொன்னார். லாரி வைத்திருக்கும் மச்சாண்டாருக்கு அது பொறுக்கவில்லை.

"லாரிச் சக்கரத்துப் பேரிங்கையே கழுவி, கிரீஸ் வெச்சு ஓட்டறோம். இந்தத் துளியூண்டு வளையத்துக்குப் புதுசா?"

"அது தொறந்த பேரிங்குங்க. இது கம்பெனியிலயே கிரீஸ் வெச்சு மூடுனது. கழுவுனா உள்ள இருக்கறதும் கரைஞ்சு போயிரும், மறுக்கா வெக்க வழியில்லீங்க. அப்புறம் இதுக்குன்னே கியர்பாக்ஸை இறக்கோணும்."

மச்சாண்டார் கேட்கவில்லை. தாமே மண்ணெண்ணெயில் முக்கித் துடைத்து, "பாருங்க, எப்பிடி மின்னுது!" என்றார்.

"மின்னறதுக்கு இதென்ன கொலுசுங்களா?"

பட்டறையே சிரித்தது. மச்சாண்டாருக்கு முகம் சிவந்துவிட்டது. "அண்ணன் சொல்றாரு, போட்டுருங்க" என்றார் என் கணவர். சூசை அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் மாட்டிவிட்டார்.

இரண்டாம் மாதமே, பெடலை மிதித்தால் வண்டி ஓலமிட்டது. பனமரத்துப்பட்டி போகிற வழியில் ஒரேயடியாக நின்றது. "சூசைகிட்ட உட்டா இப்பிடித்தான்" என்று மச்சாண்டார் ஊரெல்லாம் சொன்னார். உங்களில் எத்தனை பேர் அதை நம்பி வேறு பட்டறைக்குப் போனீர்கள்! மண்ணெண்ணெய்க் கதையைச் சூசை அண்ணன் யாரிடமும் சொல்லவில்லை. புதுப் பேரிங் போட்டுச் சாவியைக் கொடுத்தபோது என்னிடம் மட்டும் சொன்னார்: "நீங்களும் கூடத்தான நின்னீங்க, அம்மணி."

பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லிவிட்டேன். அது சாமியார் காதோடு நின்றுவிட்டது. சூசை அண்ணன் பேர் கெட்டதோ ஊர் முன்னால். அதனால் ஊர் முன்னாலேயே எழுதுகிறேன்: தப்பு அவர் வேலையில் இல்லை, எங்கள் வீட்டில்.

சாவி கொடுத்தபோது அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு மிச்சம். மச்சாண்டார் இதைப் படித்தால் கோபித்துக்கொள்வார். கோபித்துக்கொள்ளட்டும்.