அன்னக்கூடையில் வந்த ஜெர்சிகள்

எங்கள் கால்பந்து கிளப்பின் ஜெர்சிகளுக்கென்று பை எதுவும் கிடையாது. அவை அண்ணியின் அன்னக்கூடையில்தான் மைதானத்துக்கு வரும். காலையில் சங்கராவும் வஞ்சிரமும் விற்றுத் தீர்த்த அதே அலுமினியக் கூடை. அதைக் கழுவி, எலுமிச்சைத் தோலால் தேய்த்து, ஜெர்சிகளை மடித்து அடுக்கி, ஒரு துண்டால் மூடித் தலையில் தூக்கி வருவார். எவ்வளவு தேய்த்தாலும் மீன் வாடை போகாது. எதிரணிக்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். எங்களுக்கு அது வீட்டு வாடைதான். கேப்டனாக இருந்த என் அண்ணனின் மனைவி என்பதைத் தவிர அண்ணிக்குக் கிளப்பில் எந்தப் பதவியும் இல்லை. ஆனால் கிளப் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறதென்றால் அவரால்தான்.

திருவொற்றியூர் கடலோரக் குப்பத்தில் என் அப்பாவும் அவருடைய தோஸ்துகளும் சேர்ந்து ஆரம்பித்த கிளப் இது. ஆட்டக்காரர்களில் பாதிக்கு மேல் லாஞ்சில் மீன்பிடிக்கப் போகிறவர்கள். போனால் திரும்ப ஒரு வாரம், பத்து நாள் ஆகும். லீக் போட்டியோ ஞாயிற்றுக்கிழமை வந்துவிடும். வெறும் ஏழு பேர் இருந்தாலும் ஆடலாம், ஆறு பேர் என்றால் ஆட்டம் கிடையாது. ஒரே சீசனில் மூன்று முறை அப்படி ஆனால் லீக்கிலிருந்து கிளப்பின் பெயரையே எடுத்துவிடுவார்கள். வீட்டில் கடலுக்குப் போனால் வாந்தி எடுக்கிற ஒரே ஆள் நான். அதனால் விம்கோ நகர்ப் பக்கம் ஒரு ஃபாக்டரியில் வேலை, கிளப்பில் செக்ரட்டரி பொறுப்பு.

இருபது வருஷம் இருக்கும். அந்த சீசனில் ஏற்கெனவே இரண்டு முறை ஆள் சேராமல் தோற்றிருந்தோம். பிறகு மீன்பிடித் தடைக்காலம் வந்தது. லாஞ்சுகள் கரையில் நின்ற அந்த ஒன்றரை மாதமும் முழு டீம், தினமும் பயிற்சி. அடுத்த போட்டிக்குத் தேதி கேட்டார்கள். இன்னும் ஒரு வாரம் பயிற்சி கிடைத்தால் ஜெயித்தே விடலாம் என்று, பெரிய ராஜதந்திரி மாதிரி ஒரு வாரம் தள்ளிக் கேட்டு, கையெழுத்தும் போட்டுவிட்டு வந்தேன். விஷயத்தைக் கேட்ட அண்ணி மீன் அரிந்துகொண்டிருந்த கையை நிறுத்தினார்.

"இன்னா தம்பி பண்ணிட்ட? அன்னிக்குத்தான் கடல் தொறக்குதே. எவன் கரைல குந்திகினு இருப்பான்?"

தடை முடிகிற அன்றைக்குக் கடலில் மீன் கொட்டிக் கிடக்கும். ஒன்றரை மாதம் அடுப்பெரியச் சிரமப்பட்ட எந்த ஆணும் அன்று கரையில் நிற்கமாட்டான். குப்பத்தில் குழந்தைக்கும் தெரிந்த இது, ஃபாக்டரிச் சங்குச் சத்தத்துக்கு வேலைக்குப் போகிற எனக்கு உறைக்கவில்லை. லீக் ஆபீசுக்கு ஓடிக் கெஞ்சினேன். கையெழுத்துப் போட்டது போட்டதுதான் என்றார்கள்.

அண்ணி அண்ணனிடம் கேட்டார். "ஒரு வாட்டி நின்னுக்கயேன்."

அண்ணன் லாஞ்சு டிரைவர். "நான் நின்னா லாஞ்சும் நிக்கும். அதுல கீற அத்தினி பேர் வூட்லயும் இன்னா துன்றது?" என்றார். அதுவும் நியாயம்தான். அண்ணி மறுபடி கேட்கவில்லை. ஆனால் அவர் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன்.

கரையில் மிஞ்சியது நான்கு பேர். நான், எங்கள் ஃபாக்டரி வெல்டர், எம்.கே.பி. நகரிலிருந்து பஸ் ஏறி வரும் இரண்டு பேர். அப்போதுதான் அண்ணி ஆட்டக்காரர்களின் பட்டியலைக் கேட்டார். எங்கள் பட்டியலில் ஒரு வழக்கம் உண்டு. கடலுக்குப் போகிறவன் பெயரை அவன் உயிரோடிருக்கும்போது அடிக்கக் கூடாது, அது அபசகுனம். அதனால் ஆடுவதை விட்ட யார் பெயரையும் அடிக்காமல் வருஷா வருஷம் எழுதிக் கொடுத்துவிடுவோம். லீக்கில் சிரிப்பார்கள். அண்ணி சிரிக்கவில்லை. வலை பின்னும் கொட்டகைக்கு நேரே போய் மூன்று பேரைக் கிளப்பிக் கூட்டிவந்தார். மூவருக்கும் வயது ஐம்பதுக்கு மேல். அதில் ஒருவர் என் அப்பா.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பதினொரு கோல் வாங்கினோம். கோல் எண்ணிக்கை யாருக்கு வேண்டும்? கடைசி விசில்வரை ஏழு பேர் உள்ளே நிற்க வேண்டும், அவ்வளவுதான். பத்து நிமிஷம் இருக்கும்போது அப்பாவுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. நொண்டிக்கொண்டே வெளியே போகத் திரும்பினார். அதுவரை மாமனாரை 'வாங்க, போங்க' என்றே பேசிய அண்ணி, மைதானத்தின் ஓரத்திலிருந்து கத்தினார்.

"வுயுந்தா உள்ளயே வுயு மாமா! வெள்ளைக் கோட்டத் தாண்டாத!"

அப்பா உள்ளேயே விழுந்தார். ரெஃபரி ஓடிவந்து விசாரித்ததற்கு, "சும்மா குந்திகினேன் சார்" என்று எழுந்து நின்றார். விசில் அடித்தபோது ஏழு பேரும் நின்றுகொண்டிருந்தோம். பிறகொரு வருஷம் கோப்பை வாங்கிய நாளில்கூட நான் அப்படி அழுததில்லை. அதற்குப் பிறகு எந்த ஆட்டத்துக்கும் அண்ணி ஜெயிப்போமா என்று கேட்டதில்லை. கூடையை இறக்கி வைத்ததும் அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "ஏயு பேரு கீறாங்களா?"

போன மழைக்காலத்தில் அண்ணி கண்ணை மூடிவிட்டார். இந்த வருஷம் எங்கள் முதல் போட்டி, கடல் திறந்த மறுநாள் விழுந்தது. மாற்றச் சொல்லியிருக்கலாம். அப்படியொரு நாளில் அவர் ஆள் சேர்த்துக் காட்டியிருக்க, நான் தேதியை மாற்றுவதா என்று விட்டுவிட்டேன். யாரோ வாங்கித் தந்த ஜிப் வைத்த புதுப் பை இருக்கிறது. நான் கூடையைக் கழுவி, ஜெர்சிகளை அடுக்கி, துண்டு போட்டு மூடி எடுத்துப் போனேன். மைதானத்தில் ஐந்து பேர் நின்றார்கள். ஆடுவதை விட்ட பிறகும் பட்டியலில் அடிக்கப்படாத என் பெயரோடு ஆறு. ரெஃபரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் யாராவது வருகிறார்களா என்று நான் ரயில்வே கேட் பக்கம் பார்த்தேன்.

அண்ணன் வந்துகொண்டிருந்தார். நரைத்த தாடி, வெறுங்கால். லாஞ்சை வேறொரு டிரைவர் கையில் கொடுத்து அனுப்பிவிட்டு, பிழைப்புக்குப் போக ஆரம்பித்த நாளிலிருந்து முதன்முறையாகக் கடல் திறந்தபோது கரையில் நின்றிருக்கிறார். குனிந்து கூடையிலிருந்து ஒரு ஜெர்சியை எடுத்தார். அதை முகத்தில் வைத்து முகர்ந்தார். பிறகு போட்டுக்கொண்டு கேட்டார்.

"ஏயு பேரு கீறமா?"

"உன்னோட ஏயு" என்றேன்.