நின்ற காரின் குற்றம்

மூட்டுவலிக்காரர்களும் பக்கவாதத்தில் படுத்தவர்களும் அவளை ‘மடக்கு டாக்டர்’ என்றுதான் சொல்வார்கள். வீடு வீடாகப் போய் பிசியோதெரபி செய்கிறவள். “மடக்குங்க, நீட்டுங்க” என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவளுடைய சின்னக் கார்தான் அவளுக்கு ஆஸ்பத்திரி. பின்சீட்டில் மடிப்புக் கட்டில், டிக்கியில் ரப்பர் பட்டைகளும் ஊன்றுகோல்களும். காலையில் கிளம்பினால் சாயந்திரம் ஒழுங்காக வீடு வந்து சேர வேண்டும், காரிடம் அவள் எதிர்பார்த்தது அவ்வளவுதான்.

தங்கையின் பிரசவத்துக்குத் துணையாகப் போனபோது, ஆயில் மாற்றி வைக்கும்படி காரைக் கொழுந்தனிடம் விட்டுப் போனாள். அவன் வீல் கடையில் வேலை செய்கிறவன். திரும்பி வந்து பார்த்தால், காருக்குக் கன்னங்கரேலென்று பெரிய அலாய் வீல்கள். டயர்கள் மட்கார்டைத் தாண்டி வெளியே பிதுங்கிக்கொண்டு நின்றன.

“யாரைக் கேட்டு மாத்தினே?” என்றாள்.

“சர்ப்ரைஸ், அண்ணி. இப்பதான் பார்க்க கார் மாதிரி இருக்கு” என்றான்.

புருஷன் அதற்குள் படம் எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பியிருந்தார். இதனால் பின்னால் ஏதும் தொல்லை வருமா என்று அவள் கேட்டதற்கு, ஊரில் பாதி வண்டி இப்படித்தான் ஓடுகிறது என்று அண்ணனும் தம்பியும் சேர்ந்து சிரித்தார்கள். மறுநாள் காலையிலேயே ஒரு பெரியவரை எழுப்பி நடக்கவைக்க வேண்டியிருந்தது. பழைய வீலையே மாட்டச் சொல்ல நேரமில்லாமல் அதிலேயே கிளம்பிவிட்டாள்.

ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பினால் டயர் எங்கோ உரசி முனகியது. அடுத்து வந்தது அதிவேகத்துக்கான அபராதம். வரம்பைத் தாண்டி ஒருநாளும் மிதிக்காதவள் அவள். “டாக்டரம்மா பறக்க ஆரம்பிச்சுட்டாங்க” என்று வீட்டில் ஒரே கேலி. சக்கரம் பெரிதானால் ஒரு சுற்றுக்குக் கூடுதல் தூரம் ஓடும், மீட்டரோ பழைய கணக்கிலேயே வேகத்தைக் குறைத்துக் காட்டும் என்பதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. அதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டியவன், சிரித்தவர்களில் ஒருவனாக உட்கார்ந்திருந்தான்.

ஒரு நோயாளி வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு உள்ளே அவருடைய முழங்காலை மடக்கிக்கொண்டிருந்த நேரம், வெளியே பெரிய சத்தம். ஏதோ ஒரு வேன் பக்கவாட்டில் இடித்துவிட்டு நிற்காமல் போயிருந்தது. ஒரு பக்கத்துக் கதவுகள் இரண்டும் நசுங்கி, பின்சக்கரம் கோணிக்கொண்டு நின்றது. புகார் கொடுத்த பிறகு காரைப் பார்க்க வந்த போலீஸ்காரர் நசுங்கிய கதவை ஒரு பார்வைதான் பார்த்தார். பிறகு குனிந்து சக்கரத்தைத் தடவினார். டயர் இப்படி வெளியே நீட்டிக்கொண்டு ரோட்டில் ஓடக்கூடாது என்று சொல்லி, பாதிக்கப்பட்டவளுக்கே அபராதம் எழுதினார். வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் பொறுப்பாம். இடித்தவன் பெயர் தெரியவில்லை, மாற்றியவன் பெயரை யாரும் கேட்கவில்லை.

இன்சூரன்ஸ் சர்வேயரும் டேப்பை முதலில் வீலில்தான் வைத்தார். கார் கம்பெனியிலிருந்து வந்தபடி இருப்பதற்குத்தான் பாலிசி, மாற்றியதைச் சொல்லாததால் கிளெய்ம் கிடையாது என்றார். முன்கூட்டியே சொல்லியிருந்தால் பிரீமியத்தை ஏற்றியிருப்போம், அல்லது முடியாது என்றிருப்போம் என்று ஆறுதல் போலவும் சொன்னார்.

அன்று வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. கொழுந்தன், இன்சூரன்ஸுக்குச் சொல்ல வேண்டியது வண்டிக்காரங்க பொறுப்புதானே அண்ணி என்றான். புருஷன் தனியாகக் கூப்பிட்டு, மேல்முறையீடு போட்டாலும் தம்பி பெயரை இழுக்காதே, அவன் வேலை போய்விடும் என்றார்.

“என் வேலை போனா பரவாயில்லையா?” என்று கேட்டாள்.

நசுங்கிய கார் ஷெட்டில் கிடந்தது. கட்டிலைத் தோளில் சுமந்து பஸ் ஏறி இறங்கி, அடுத்தவர் இடுப்பைச் சரிசெய்யப் போகிறவளுக்கே இடுப்பு பிடித்துக்கொண்டது. பழைய வீல்களையாவது வாங்கி வரலாம் என்று கொழுந்தன் வேலை செய்யும் கடைக்குப் போனாள். அவற்றை அப்போதே விற்றாயிற்று என்றார் முதலாளி. புது வீலின் விலையில் அதைக் கழித்துக்கொண்டார்களாம். அவளுடைய பொருளை விற்று அவளுக்கே பரிசு. கொழுந்தன் உள்ளே போய் நின்றுகொண்டான். கவுண்டரில் ஓர் இளைஞன் பளபளக்கும் வீல் ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனிடம் போய், இதை மாட்டினால் இன்சூரன்ஸ் என்ன ஆகும், ரோட்டில் ஓடலாமா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள் என்றாள். அவன் கேட்டான். எழுதித் தர முதலாளி தயாராக இல்லை. இளைஞன் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனான்.

அவள் போட்ட மேல்முறையீடு இன்சூரன்ஸ் குறைதீர்ப்பு அதிகாரியிடம் விசாரணைக்கு வந்தபோது, யார் மாற்றியது என்று கேட்டார்கள். கொழுந்தன் என்று நேராகச் சொன்னாள்.

“சொல்லாம விட்டது தப்புதாங்க, ஒத்துக்கிறேன். தெரிஞ்ச அன்னைக்கே கழட்டியிருக்கணும். ஆனா வண்டி நின்னுக்கிட்டு இருந்துச்சு. சுத்தாத சக்கரம் எப்படிங்க கதவை நசுக்கும்?”

இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர் விதியைப் படித்தார். அதிகாரி அவளுடைய கேள்வியையே அவரிடம் கேட்டார், அவர் திரும்பவும் அதே விதியைப் படித்தார். கடைசியில், இந்த விபத்துக்கு வீல் காரணமில்லை, கதவுகளுக்கான செலவில் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுக்க வேண்டும், வீலுக்கும் பின்சக்கர வேலைக்கும் எதுவும் கிடையாது என்று தீர்ப்பானது. ஜெயித்தோம் என்று புருஷன் எல்லோரிடமும் சொன்னார். அவளுக்கு அப்படித் தோன்றவில்லை.

கார் இப்போது கம்பெனி அளவு வீல்களில் ஓடுகிறது. கொழுந்தனுக்கு வேலை போகவில்லை, அவளோடு இருந்த பேச்சுதான் போய்விட்டது. அண்ணி தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று பார்க்கிற சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்கிறானாம். அவர்களும் நேரில் பார்க்கும்போது, போனால் போகட்டும் என்று விட்டிருக்கலாமே என்கிறார்கள். யாருடைய பொருள் போனது என்று அவர்களிடம் ஒவ்வொரு தடவையும் கேட்கிறாள், குரலைத் தணிக்காமலேயே.