அரை வரி பின்னால்

எங்கள் கோயிலில், பூசையில் கடவுளின் மகிமையைப் புகழ்ந்து பாடும் வானவர் கீதம் எப்போதும் இரண்டு தடவை முடியும். முதலில் ஊர் முடிக்கும். ஆர்மோனியப் பெட்டி மூச்சு விட்டு அடங்கும். அதற்கப்புறம் ஆண்கள் பக்கத்துத் தூணோரத்திலிருந்து பீடியும் டீசல் புகையும் கரகரக்க வைத்த ஒரு குரல் தன் பாட்டுக்கு வந்து, கடைசி அரை வரியைத் தனியாகப் பாடி, 'ஆமென்' சொல்லிவிட்டுத்தான் ஓயும். அது என் அப்பாவின் குரல். "ஏலே, நீ கரை சேர்றதுக்குள்ள நாங்க மீனை வித்துட்டு வீட்டுக்கே போயிருவோம்" என்று பூசை முடிந்ததும் கூட்டாளிகள் கேலி பேசுவார்கள். அப்பாவுக்கு வெட்கமே கிடையாது. "கடவுளப் புகழ்றதுல என்னடா அவசரம்?" என்பார்.

பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் நடுவில், கடலை ஒட்டிய ஓட்டுக்கூரைக் கோயில் அது. அங்கே பாட்டு நடத்துவதும், பிள்ளைகளுக்கு ஞாயிறு மறைக்கல்வி சொல்லித்தருவதும் உபதேசியார்தான். கடவுளின் மகிமை என்றால் என்ன என்று ஒருநாள் அவரிடம் கேட்டேன். "அவரோட பெருமை, அவரோட ஒளி. அதப் பாடத்தான் நம்மளப் படைச்சிருக்காரு" என்றார். எனக்கு அது உடனே விளங்கிவிட்டது, அதாவது தப்பாக விளங்கிவிட்டது. எங்கள் ஊர்ப் படகு முதலாளி ஒருவருக்குத் தினமும் யாராவது நாலு வார்த்தை புகழ்ந்து பேச வேண்டும். பேசாவிட்டால் முகம் தொங்கிப்போகும், மறுநாள் கூலியாளைப் படகில் ஏற்ற மாட்டார். நான் கண்ட கடவுள் ஏறக்குறைய அவர்தான், பொன்னாடை மட்டும் கூடுதல்.

நான் நான்காவது படித்த வருஷம், தவசுக் காலம் தொடங்கும் விபூதிப் புதன் கழிந்த அதே வாரத்தில், அப்பா போயிருந்த விசைப்படகை எல்லை தாண்டியதாகச் சொல்லி அக்கரையில் பிடித்துவைத்துவிட்டார்கள். கோயில் மைக்கில்தான் பெயர்களை வாசித்தார்கள். அப்பாவின் பெயரைக் கேட்டதும் அம்மா கையிலிருந்த சட்டியை மெதுவாகக் கீழே வைத்தாள், அழக்கூட இல்லை. மறுவாரத்திலிருந்து விடியுமுன் மற்றப் பெண்களோடு கடல்பாசி எடுக்கப் போக ஆரம்பித்தாள். பள்ளி விட்டு வந்து நானே பூட்டைத் திறந்து, ஆறிப்போன சோற்றைத் தின்றுவிட்டு, அம்மா வரும்வரை வாசலில் உட்கார்ந்திருப்பேன். அந்த வீட்டில் மூன்று பேர் இருந்தபோது இவ்வளவு இடம் இருந்ததாக எனக்கு நினைவில்லை. வந்தாலும் அம்மா பேச மாட்டாள். உப்புநீரில் ஊறி வெடித்த விரல்களுக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். எனக்கு யாருமே இல்லாத மாதிரி இருக்கும்.

தனியாக உட்கார்ந்து யோசித்ததில்தான் எனக்குக் காரணம் பிடிபட்டது. தவசுக் காலத்தில் கோயிலில் வானவர் கீதத்துக்குப் பூட்டு. பூ இல்லை, ஊதா நிறத் துணி, புகழ்ச்சிப் பாட்டும் இல்லை. புகழுக்கென்றே நம்மைப் படைத்த ஒருவரை நாற்பது நாள் புகழ்ச்சி இல்லாமல் பட்டினி போடத் தொடங்கினால் அவருக்குக் கோபம் வராதா? வந்த கோபத்தில்தான் அப்பாவைப் பிடித்துக் கொடுத்துவிட்டார். அப்படியானால் யாராவது ஒருத்தர் பாடித்தானே ஆக வேண்டும்?

அடுத்த ஞாயிறு பூசையில், இரக்கம் கேட்கும் பாட்டு முடிந்து சாமியார் ஜெபத்துக்குக் கையை விரிக்குமுன், நான் பெண்கள் வரிசையிலிருந்து வானவர் கீதத்தை எடுத்துவிட்டேன். கோயிலே திரும்பியது. "ஏ புள்ள, ஏ புள்ள" என்று உபதேசியார் கையை ஆட்டினார். சாமியார் கையை விரித்தபடியே நின்றார். கூட ஒருத்தராவது சேர்ந்து பாடுவார்கள் என்று நினைத்தேன், ஒருத்தரும் சேரவில்லை. பாதியில் நிறுத்தினால் கடவுளுக்குக் கோபம் இரட்டிப்பாகுமே என்ற பயத்தில், முழுசாகப் பாடி முடித்தேன். முடித்துவிட்டுத் தூணோரத்தைப் பார்த்தேன். அந்த அரை வரி வரவில்லை. அப்போதுதான் அழுதேன்.

வெளியே வந்ததும் பொம்பளைகள் பிடித்துக்கொண்டார்கள். "அப்பன் செயில்ல கெடக்கான், இவளுக்கு வானவர் கீதம் கேக்குதோ!" என்றாள் ஒருத்தி. வீடு போய்ச் சேர்வதற்குள் அடி விழும் என்று நினைத்தேன். விழவில்லை. ஏன் பாடினாய் என்று அம்மா கேட்டாள், சொன்னேன். மணலில் அப்படியே நின்றுவிட்டாள். "பாடுனா கொண்டாந்து விட்ருவாருன்னா, நான் தொண்ட கிழியப் பாட மாட்டேனாடி? புகழ்ச்சி பத்தாமயா அவரு நம்மளப் போட்டு வாட்டுறாரு?" என்று கேட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

தவசு முடிந்து உயிர்ப்புத் திருநாள் வந்தது, போனது, அப்பா வரவில்லை. வாடைக்காற்று தொடங்கியபோதுதான் வந்தார், யாருடையதோ ஒரு தொளதொளத்த சட்டையில். அன்று சோறு போடும்போது அம்மா என் கூத்தைச் சொன்னாள். அப்பா பிசைந்த கையை நிறுத்தினார்.

"தவசு நாள்லயா பாடுனா?" என்று என்னைப் பார்த்தார். "எனக்கு மட்டும் அங்கன தனி அறைக்குள்ள நாளும் கெழமையும் யாரு சொன்னா? ஞாயித்துக்கெழமையா இருக்கும்னு தோணுன அன்னைக்கெல்லாம் நானுந்தான் பாடுனேன். முன்னாடி பாட ஆளு இல்லையா... மொத தடவையா பிந்தாமப் பாடுனேன்."

"பாடி என்ன ஆச்சு? விட்டாகளாக்கும்?" என்றாள் அம்மா.

"எங்கிட்டு விட்டாக? ஆனா பாடி முடிக்கிற மட்டும் தனியா இருக்கிற மாதிரி இல்ல. எதுத்தாப்புல உக்காந்து ஒருத்தரு கேக்குற மாதிரி இருந்துச்சு" என்றார். பிறகு சோற்றைத் தின்றார்.

என் முதலாளிக் கடவுள் அன்றைக்கு என் மனத்தை விட்டு இறங்கிப் போனார். புகழுக்கு ஏங்குகிறவர் எதற்குப் பூட்டிய அறைக்குள் போய், பாடவே தெரியாத மனிதனின் பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கப் போகிறார்? மகிமை என்ற சொல்லைக் கேட்டால் இன்றும் எனக்குப் பொன்னும் ஒளியும் தோன்றுவதில்லை. அந்தச் சிறைத் தரையில் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர்தான் தோன்றுகிறார்.

இப்போது அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. ஓட்டுக்கூரைக் கோயிலை இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்டியிருக்கிறார்கள். நான் உச்சிப்புளியில் வாடகை வீட்டில் தனியாக இருக்கிறேன். இங்கே கோயிலில் பாட்டு வரிகள் திரையில் ஓடுகின்றன, கீபோர்டு தாளம் தட்டுகிறது; எல்லாரும் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக முடிக்கிறார்கள், பிந்துவதற்கு யாருமில்லை. அதனால் நான் பிந்துகிறேன். போன ஞாயிறும் வானவர் கீதத்தை ஊர் முடித்து, திரையும் அணைந்த பிறகு, மெல்லிய குரலில் பாடிக்கொண்டிருந்தேன். முன்வரிசைச் சிறுமி ஒருத்தி திரும்பி, "அக்கா, பாட்டு முடிஞ்சிருச்சு" என்றாள்.

தெரியும் என்று தலையை ஆட்டிவிட்டு, மீதி இருந்த அரை வரியைப் பாடி ஆமென் சொன்னேன்.