நான்காவது சீட்

1. மும்பை மின்ரயிலின் பெண்கள் பெட்டியில் மூவர் உட்காரும் பெஞ்சில் நான்காவதாக ஒட்டிக்கொள்ள, செம்பூரில் ஏறும் எனக்கும் அங்கேயே ஏறும் டிராம்பேக்கார அக்கா ஒருவருக்கும் தினமும் சண்டை.
2. ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்பு நாட்களில், பிடிக்காத ஒருவருக்காகத் தினமும் ஜெபிக்கச் சொன்னார் எங்கள் போதகர்.
3. நான் அந்த அக்காவைத் தேர்ந்தெடுத்தேன்.

“ஆண்டவரே, அவர் குணத்தை மாற்றும்” என்பதே என் ஜெபம். பன்னிரண்டாம் நாள்தான் உறைத்தது, அவர் பெயரே எனக்குத் தெரியாது. இயந்திர வரைபடம் போடுவது என் வேலை. அதில் ஒரு பாகத்தைக்கூடப் பெயர் எழுதாமல் விடமாட்டேன். ஒரு மனுஷியை விட்டிருந்தேன்.

மறுநாள் சீட்டுக்கு ஓடாமல் நேரே அவரிடம் போனேன். திட்டுவாரோ என்று பயந்துகொண்டேதான் கேட்டேன்.

“அக்கா, உங்க பேரு என்ன? பேரு தெரியாமலே உங்களுக்காக ஜெபம் பண்ணிட்டிருக்கேன்.”

“எனக்கா? என்னன்னு?”

“உங்க கோபம் குறையணும்னு...”

முறைத்தார். பிறகு பெட்டியே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார்.

“அடிப்பாவி! நீ வேற டப்பால ஏறணும்னு நானும் தினம் துவா கேக்கேன். எம்பேரு மைமூன். வா, உக்காரு.”

எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை. மாற வேண்டியவள் நானும்தான் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

இப்போது பாதி வழியில் வரும் வடாலா ஸ்டேஷன் வரை மைமூன் அக்கா உட்காருகிறார், அதன்பின் நான். அவருக்காக நானும் எனக்காக அவரும் இன்னும் வேண்டிக்கொண்டுதான் இருக்கிறோம்.