எழுந்து நிற்காத மாப்பிள்ளை

போன வருடம், அக்னி நட்சத்திர வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, திண்டிவனத்தில் எங்கள் வீட்டு ஹாலில் நடந்தது இது. அக்காவைப் பெண் பார்க்க முகையூரிலிருந்து வந்திருந்தார்கள்.

என் கதை கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். விழுப்புரத்தில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவள் நான். நாள் முழுக்க ஸ்க்ரீனையே பார்த்து மண்டை காய்ந்து, கையால் ஏதாவது செய்தே ஆகணும் என்று மர வேலையில் இறங்கினேன். பட்டறை என்பது பைக் நிறுத்தும் போர்ட்டிகோ. வாத்தியார், போனில் ஓடும் வீடியோக்கள். அம்மாவுக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. "பி.இ. படிச்சிட்டு ஆசாரி வேல கேக்குதா ஒனக்கு? சாம்பார்லகூட மரத்தூளு மெதக்குது பாரு" என்பார். புரோட்டீன் என்று நினைத்துச் சாப்பிடுங்கள் என்பேன்.

அதற்கு முந்தின ஐப்பசி மழையில் முதல் நாற்காலியை முடித்தேன். கெடாரில் மாமா வீட்டுக் கொல்லையில் சாய்ந்த வேப்பமரத்தை அறுத்த பலகை. நாற்காலிக் காலில் துளை போட்டு, குறுக்குக் கட்டையின் முனையைச் செதுக்கி உள்ளே இறக்கணும். தட்டினேன், கிச்சென்று பிடித்துக்கொண்டது. அந்தப் பிடியைப் பார்த்து எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது. இதுக்கு எதுக்குப் பசை என்று சும்மா தொட்டு வைத்ததோடு சரி. மழை ஈரத்தில் மரம் ஊதிப்போய்ப் பிடித்த பிடி அது, வெயிலில் காய்ந்தால் சுருங்கி விட்டுவிடும் என்று எனக்குத் தெரியாது. ஏதாவது ஒரு வீடியோவில் சொல்லியிருப்பார்கள். நான் தள்ளிவிட்டுப் பார்த்திருப்பேன்.

சரி, ஹாலுக்கு வருவோம். வந்தவர்களுக்குப் பிளாஸ்டிக் சேர் போட்டோம். மாப்பிள்ளைக்கு என் நாற்காலி. அம்மா அதைக் காலையிலேயே தோட்டத்துப் பக்கம் தள்ளிவிட்டிருந்தார். நான்தான் திரும்ப இழுத்து வந்து நடு ஹாலில் போட்டேன். அவர் உட்கார்ந்ததுமே, "நானே செஞ்சதுங்க" என்று பீற்றிக்கொண்டேன். "அப்படியா? சூப்பரா கீதுங்க" என்றார். விழுப்புரத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறவர். முகத்தைப் பார்த்தால் சாதுதான்.

கொஞ்ச நேரத்தில் ஆள் ஒரு மாதிரி ஆகிவிட்டார். தட்டை நீட்டினால் கை மட்டும் வருகிறது, உடம்பு அசையவில்லை. மாடியைப் பார்க்க எல்லோரும் கிளம்பியபோது, "நீங்க போய்ட்டு வாங்க" என்றார். எங்கள் பெரியப்பா திரும்பி வந்து அம்மா காதில், "என்னாம்மா இது, மாப்ள சிம்மாசனத்த விட்டு எறங்க மாட்டேங்கறாரு" என்றார். காது என்று பேர், தெருவுக்கே கேட்டிருக்கும்.

அந்த நேரம் பார்த்து வாசலில் எங்கள் மாதா கோயில் பங்கு ஃபாதர். இரண்டு குடும்பத்தையும் சேர்த்து வைத்ததே அவர்தான். எங்கள் ஆட்களிடம் எதில் வேண்டுமானாலும் குறை இருக்கலாம், சாமியார் வீட்டுக்குள் வந்தால் எழுந்து நிற்காமல் இருப்பது மட்டும் நடக்கவே நடக்காது. எங்கள் தெருவில் பக்கவாதம் வந்த தாத்தாகூட கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழப் பார்ப்பார். ஹாலே எழுந்து, "ஸ்தோத்திரம் ஃபாதர்" என்றது. மாப்பிள்ளை உட்கார்ந்தபடியே கை கூப்பினார்.

அவரோடு வந்த அத்தைமார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"டேய், எழுந்திர்றா" என்றார் அவருடைய அப்பா, பல்லைக் கடித்துக்கொண்டு.

"இருக்கட்டும்பா."

"என்னாடா இருக்கட்டும்? ஃபாதர் நிக்கிறாரு!"

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். அவர் துண்டை உதறினால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். காபித் தட்டோடு சமையலறை வாசலில் நின்ற அக்காவைப் பார்த்தேன். அவளுக்கு இவரைப் பிடித்திருந்தது, எனக்குத் தெரியும். போட்டோ வந்த நாளிலிருந்து என் போனைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தவள். இப்போது அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை.

எனக்கு வந்த கோபத்தில், கீழே சிந்திய மிக்சரை எடுக்கிற சாக்கில் அவர் பக்கத்தில் குனிந்தேன், நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க. அப்போதுதான் பார்த்தேன்.

நாற்காலியின் முன்கால் ஒன்று குறுக்குக் கட்டையை விட்டுக் கழன்று வெளியே சாய்ந்திருந்தது. அதைத் தன் கெண்டைக்காலால் உள்பக்கம் அணைத்துப் பிடித்திருந்தார். பலகையின் மேல் அவர் உட்காரவே இல்லை. மொத்த எடையும் தொடையில். பேண்டுக்குள் முட்டி வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

"ஏங்க, சத்தம் போடாதீங்க" என்றார் மெதுவாக. "பொண்ணு பாக்க வந்த எடத்துல சேர் ஒடஞ்சா சகுனம் அது இதுன்னு எங்க அத்தைங்க ஆரம்பிச்சிருவாங்க. ஃபாதர் போவட்டும், பாத்துக்கலாம்."

உண்மைதான். வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள் என்று பேர்தானே தவிர, சகுனம் பார்ப்பதில் நாங்கள் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. அந்தச் சகுனப் பேச்சு அக்காமேல் விழக்கூடாது என்று, திமிர் பிடித்தவன் என்ற பேரைத் தன்மேல் வாங்கிக்கொண்டிருந்தார் மனுஷர். பெரியப்பாவோ செருப்பைத் தேட ஆரம்பித்திருந்தார்.

எனக்கு வாயை மூடிக்கொண்டிருந்து பழக்கமில்லை. "அவரு எழுந்தா சேர் பூடும்!" என்று கத்தினேன். "கால் கழண்டுக்கிச்சி. அவருதான் இவ்ளோ நேரம் புடிச்சிக்கினு கீறாரு. நான் செஞ்சது சரியில்ல, போதுமா?"

யாரும் எதுவும் பேசுவதற்குள் அக்கா வந்தாள். காபித் தட்டை என் கையில் திணித்தாள். பெண்ணாக அடக்கமாக வந்து, தலை குனிந்து, காபி கொடுக்கிற சீனெல்லாம் காலி. நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள்.

"நான் புடிச்சிக்கினு இருக்கேன். மெதுவா எழுந்திரிங்க."

அவர்கள் இருவருக்கும் நடுவே முதல் பேச்சு அதுதான். அவர் எழுந்தார். நிற்க முடியவில்லை, கால் மரத்துப்போய் அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டார். நாற்காலி அக்கா கையில் பொத்தென்று ஒரு பக்கம் சாய்ந்தது.

"அய்யோ, மொத மொத வந்த எடத்துல..." என்று ஓர் அத்தை இழுத்தார். ஃபாதர் தனக்குப் போட்ட பிளாஸ்டிக் சேரை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டு, "இது யாரு செஞ்சது?" என்று என்னைக் கேட்டார். மாப்பிள்ளையின் அப்பாதான் முதலில் சிரித்தார். அப்புறம் ஹாலே சிரித்தது. பெரியப்பா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து மாப்பிள்ளை முதுகில் தட்டினார். அத்தையின் பேச்சு அந்தச் சத்தத்தில் அப்படியே அமுங்கிப்போனது.

அடுத்த மாதம் கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தார்கள், கல்யாணமும் முடிந்தது. பெண் பார்த்துவிட்டுப் போனபின் தொடை வலியில் நாலு நாள் கடையில் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் இருந்தாராம், அக்கா சொல்லித்தான் தெரியும். அவர் இதுவரை அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

நான் இன்னும் மரம் இழைத்துக்கொண்டுதான் இருக்கிறேன், வாயும் குறையவில்லை. ஆனால் இப்போதெல்லாம் யாரையாவது பார்த்து 'என்ன திமிரு' என்று நாக்கு நுனிவரை வரும்போது, அந்த ஆள் யாருக்கும் தெரியாமல் எதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரோ என்று ஒருதரம் குனிந்து பார்க்கத் தோன்றுகிறது.