மீட்டர் பாயும் என் கையெழுத்தும்

மீட்டரின் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்துவிட்டுத்தான் அவர் எண்ணைப் படிப்பார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, குனிந்து, ஒவ்வோர் இலக்கத்தையும் வாய்விட்டுச் சொல்வார். ஆம்பூர்ப் பக்கம் நான் வேலை பார்த்த தோல் தொழிற்சாலையில் அவர் மின்பிரிவு சூப்பர்வைசர். மேல்விஷாரத்துக்காரர். எங்களுக்கு அவர் மீட்டர் பாய்.

அவர் வருவதற்கு முன் மொத்தத் தொழிற்சாலைக்கும் வாசலில் ஒரே மீட்டர்தான். கரண்ட் ஏன் இவ்வளவு ஓடியது என்று முதலாளி கேட்டால், ஒவ்வொரு பிரிவும் பக்கத்துப் பிரிவைக் கைகாட்டும். பாய் விடாமல் கேட்டு வாங்கி, பிரிவுக்கு ஒரு மீட்டர் பொருத்தினார். அந்தந்தப் பிரிவின் பொறுப்பாளரே தினமும் எண்ணைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஒரு தாளும் தயாரித்தார். தோலுக்கு நிறமும் பளபளப்பும் ஏற்றிக் காயவைக்கும் ஃபினிஷிங் பிரிவு என் பொறுப்பில் இருந்தது. முதல் வாரமே வந்து நின்றார்.

"இன்னா சார், எல்லாரும் சாப்புடப் போய்ட்டாங்க. உங்க ட்ரையர் மட்டும் யாருக்கு ஓடுது?"

வெளியே சாப்பிட்டுக்கொண்டிருந்த என் பிரிவுப் பெண்கள் காதில் விழும்படி கேட்டதில் எனக்குக் கோபம். ஆனால் அவர் சொன்னது உண்மை. எந்தப் பிரிவையும்விட என் பிரிவுதான் அதிகம் கரண்ட் இழுத்துக்கொண்டிருந்தது.

இரண்டாவது மாதம் மீட்டர் வேறொன்றையும் சொன்னது. கழிவுநீரைச் சுத்தமாக்கத் தொட்டிக்குள் காற்று செலுத்தும் ப்ளோயர்களின் எண் அநேகமாக நகரவே இல்லை. அவை ஓடுவதாகத்தான் ஏட்டில் இருந்தது. மதிலுக்குப் பின்னால் இருந்த குடியிருப்பின் பெண்கள், தங்கள் போர்வெல் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வாசலுக்குக் கொண்டுவருவார்கள். வெளுத்த தேநீர் போல இருக்கும். காவலாளி வாங்கி ஓரமாக வைத்துவிடுவார். நானும் அதைத் தாண்டித்தான் தினமும் உள்ளே போனேன்.

மாசுக் கட்டுப்பாட்டு ஆய்வுக்கு ஆட்கள் வருகிறார்கள் என்று தெரிந்ததும் மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"ஃபினிஷிங்ல ஜாஸ்தியா காட்டுது. ப்ளோயர்ல கம்மியா காட்டுது. இங்கேருந்து கொஞ்சம் எடுத்து அங்க எழுதிடுங்க பாய். மொத்தம் ஒண்ணுதானே?"

"மொத்தம் ஒண்ணுதான் சார். தொட்டியில இருக்கிற தண்ணி சுத்தமாவாதே" என்றார் பாய். எழுத மறுத்துவிட்டார்.

மறுநாள் புதுத் தாள் ஒன்று என் மேசைக்கு வந்தது. வேறு யாரோ எழுதியிருந்தார்கள். என் பிரிவின் எண் குறைந்திருந்தது, ப்ளோயரின் எண் ஏறியிருந்தது. நான் கையெழுத்துப் போட்டேன். மேனேஜர் மிரட்டினார் என்று பல வருடம் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படி எதுவும் நடக்கவில்லை. என் பிரிவின் எண் குறைந்ததைப் பார்த்தபோது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

என் தாளும் பாய் மீட்டரைப் படித்து எழுதிவைத்திருந்த தாளும் ஒத்துப்போகவில்லை. அதனால் மீட்டர்களே கோளாறு, பொருத்தியவருக்கு வேலை தெரியவில்லை என்று சொல்லி அவரை நிறுத்தினார்கள். அவர் பையை எடுத்துக்கொண்டு என் பிரிவு வழியாகத்தான் வெளியே போனார். நான் ஒரு தோலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பதுபோல நின்றுகொண்டேன். அந்த வருடம் கரண்டைக் குறைத்த பிரிவு என்று எங்களுக்குச் சால்வை போட்டார்கள்.

இப்போது நான் வேறொரு தொழிற்சாலையில் இருக்கிறேன். மின் பயன்பாட்டுக்கு நானே பொறுப்பு. ஒவ்வொரு இயந்திரத்தின் யூனிட்டும் கைப்பேசியில் தெரிகிறது. உங்கள் எண்ணுக்கு நீங்களே பொறுப்பு என்று பிரிவுத் தலைவர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். அந்த வார்த்தைகள் பாயுடையவை. யாருடையவை என்று ஒருநாளும் சொன்னதில்லை.

போன மாதம் வீட்டு மோட்டார் எரிந்துபோய், சத்துவாச்சாரியில் காயில் கட்டும் கடைக்குப் போனேன். உள்ளே பாய் உட்கார்ந்திருந்தார். தாடி முழுக்க நரைத்திருந்தது. அடையாளம் கண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டார். டீ சொன்னார். நான் பழைய தொழிற்சாலைப் பேச்சைத் தொடங்கினேன்.

"வேலை போனது போவட்டும் சார்" என்றார், கம்பியைச் சுற்றிக்கொண்டே. "மீட்டர் தப்புன்னு சொல்லிட்டாங்க. அந்தப் பேரை வெச்சிக்கினு எத்தினி கம்பெனி ஏறி எறங்கினேன் தெரியுமா? ஒருத்தனும் எடுக்கல. மீட்டர் சரியாத்தான் இருந்துச்சின்னு நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

கடையில் தோல் தொழிற்சாலை ஆட்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒருவனுக்கு என்னைத் தெரியும். அவன் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த ஒரு வார்த்தையை அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

மோட்டார் எப்போது தயாராகும் என்று கேட்டுவிட்டு எழுந்து வந்தேன்.